மாமனார் என்னிடம் மட்டும் சொன்னது

வயதான மாமனார், மாமியாரைப் பார்க்கக் குடும்பத்தோடு ஒரு வார இறுதிக்குப் போய் வந்தோம். பேரப் பிள்ளைகளைக் கண்ட சந்தோஷம், வீடு நிறைந்த சத்தம், கிளம்பும் நேரத்தில் மாமியாரின் கண்ணீர் என்று இதை எழுதிவிடலாம். எல்லாம் நடந்ததுதான். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. இந்த மாதிரிப் பயணங்களில் மருமகனுக்கோ மருமகளுக்கோ தனியாக ஒரு வேலை இருக்கிறது. பெற்ற பிள்ளைகளால் அதைச் செய்ய முடிவதில்லை. செய்ய மனமில்லாமல் இல்லை, அவர்கள் நிற்கும் இடம் அப்படி.

என் மனைவி அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் பார்ப்பது தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்த அப்பாவை. அந்த அப்பா இப்போது நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து, ஒரு மூச்சு விட்டு, அப்புறம் எழுந்திருக்கிறார் என்பது அவள் கண்ணில் பட்டாலும் மனதில் ஏற மறுக்கிறது. ஏறிவிட்டால் பயம் வந்துவிடுகிறது. பயம் கோபமாகப் பேசுகிறது. "ஏம்பா தனியா மாடிக்குப் போறீங்க?" என்று அவள் கேட்பாள். "ஒண்ணுமில்லம்மா" என்பார் அவர். அத்தோடு பேச்சு முடிந்துவிடும். மகளைப் பயமுறுத்தக் கூடாது என்பது அவருடைய கவலை. அப்பா எதையோ மறைக்கிறார் என்பது அவளுடைய கவலை. இரண்டும் அன்புதான், ஆனாலும் தகவல் மட்டும் நகருவதில்லை.

நான் ஒரு அடி தள்ளி நிற்கிறேன். அவர் இளமையில் எப்படி நடந்தார் என்று எனக்குத் தெரியாது. அதனால் இன்றைக்கு எப்படி நடக்கிறார் என்பதைத்தான் பார்க்கிறேன். மானுடவியலாளர் ராட்கிளிஃப் பிரவுன் 1940இல் இந்த உறவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பல சமூகங்களில் மாமியாரும் மருமகனும் ஒருவரை ஒருவர் தவிர்த்து நடப்பதைப் பகை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, உரசல் வராமல் உறவைக் காப்பாற்றும் ஏற்பாடு அது என்பது அவர் வாதம். ஏன் மாமியாரைத் தவிர்க்கிறாய் என்று கேட்டதற்கு, உலகத்திலேயே எனக்கு மிக நெருங்கிய தோழி அவர்தானே, எனக்கு மனைவியைத் தந்தவர் ஆயிற்றே என்று ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவர் பதில் சொன்னதாகவும் அதில் வருகிறது. எனக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடிக்கும். மரியாதையான ஒரு தூரம் இருக்கும் இடத்தில்தான் சில உண்மைகளைப் பேச முடிகிறது என்பதை என் மாமனாரிடமே கண்டேன்.

பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முற்பகலில் போய்ச் சேரும்படி கிளம்பினோம். அதற்குக் காரணம் உண்டு. வயதாக ஆக உடம்பின் கடிகாரம் முன்னால் நகர்ந்துவிடுகிறது. சீக்கிரம் தூக்கம் வரும், விடியும் முன்பே விழிப்பு வரும். இரவு பத்து மணிக்குப் போய் இறங்கி, நள்ளிரவு வரை உட்கார்ந்து பேசினால் நமக்கு அது கொண்டாட்டம். அவர்களுக்கு மறுநாள் முழுக்க அசதி. வந்தவர்கள் முன்னால் அதைக் காட்டிக்கொள்ளவும் மாட்டார்கள். அதனால் அவர்கள் சாப்பிடும் நேரத்தில் சாப்பிட்டோம், மதியம் அவர்கள் படுக்கும் நேரத்தில் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போனேன். வந்த இடத்தில் உறவுக்காரர்கள் எல்லோரையும் ஒரே நாளில் வரவழைத்துவிடலாம் என்று மனைவிக்கு ஓர் எண்ணம் இருந்தது. வேண்டாம் என்றேன். உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சனின் ஆய்வுகள் சொல்வது இது: முன்னால் இருக்கும் காலம் குறைவு என்று உணரும்போது மனிதர்கள் கூட்டத்தைக் குறைத்துக்கொண்டு மனதுக்கு நெருங்கிய சிலரோடு மட்டும் நேரத்தைச் செலவிட விரும்புகிறார்கள். மாமியாரிடம் கேட்டபோது அவரும் அதையேதான் சொன்னார்: "நீங்க மட்டும் இருந்தா போதும்."

முதல் நாள் என்னை உறுத்தியது மாமனாரின் காது. டிவி சத்தம் தெருவுக்கே கேட்கும் அளவுக்கு இருந்தது. என் மகள் பள்ளிக்கூடத்துக் கதையை உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். தலையாட்டக் கூடாத இடத்திலும் ஆட்டினார். "தாத்தா, நான் கேள்வி கேட்டேன்" என்றாள் அவள். அவர் மறுபடியும் சிரித்தார். குழந்தையின் முகம் வாடிப்போனது. தாத்தாவுக்குத் தன் கதையில் அக்கறை இல்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் பல வீடுகளில் இந்த இடத்தில்தான் உறவு அடிபடுகிறது. முதுமையில் காது எல்லா ஒலியையும் ஒரே அளவில் இழப்பதில்லை. கீச்சென்ற உயர் ஒலிகள்தான் முதலில் போகின்றன. பேச்சில் உயிரொலிகள் அடி ஒலியாக, பலமாக வருகின்றன. ச், த், ப் போன்ற மெய்களின் தெளிவு மெலிதான உயர் ஒலிகளில்தான் இருக்கிறது. அதனால் யாரோ பேசுகிறார்கள் என்று காதில் விழும், என்ன சொன்னார்கள் என்று பிடிபடாது. "கேக்குது, புரியல" என்று வயதானவர்கள் சொல்வது இதைத்தான். குழந்தைகளின் குரல் இயல்பிலேயே மேல் சுருதி. பின்னால் டிவியும் ஓடினால் கேட்கவே வேண்டாம். கத்திப் பேசினாலும் பலனில்லை. கத்தும்போது பலமாவது உயிரொலிதான், மெய்கள் இன்னும் மங்கிப்போகும். டிவியை அணைத்துவிட்டு, அவர் முகத்துக்கு நேராக, வாயசைவு தெரியும்படி வெளிச்சத்தில் உட்கார்ந்து, நிதானமாகப் பேச வேண்டும். மகளிடம் இதை ஒரு விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தேன். அவள் தாத்தாவுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னாள். அந்தச் சாயங்காலம் அவர் அவளைத் திருப்பிக் கேள்வி கேட்கத் தொடங்கினார்.

அறுபது வயதைக் கடந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் அன்றாட வாழ்வைப் பாதிக்கும் அளவுக்குக் கேட்கும் திறன் குறைந்திருக்கிறது என்கிறது உலக சுகாதார அமைப்பு. லான்செட் இதழின் நிபுணர் குழு 2024இல் வெளியிட்ட அறிக்கையில், மறதி நோய்க்கு இட்டுச்செல்லக்கூடிய, ஆனால் நம்மால் மாற்ற முடிந்த 14 காரணங்களைப் பட்டியலிட்டார்கள். அதில் கேட்கும் திறன் குறைவதும் ஒன்று. பேச்சு பிடிபடாதவர் பேச்சிலிருந்தே மெல்ல விலகுகிறார், ஆட்களிடமிருந்தும் விலகுகிறார். வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடுகிற விஷயம் இல்லை இது.

இருட்டத் தொடங்கியபோது மனைவியும் மாமியாரும் உள்ளே பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் மாமாவும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். நான் எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே ஆரம்பித்தார்.

"மாப்பிள்ளை, உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன். அவகிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்லுங்க மாமா."

"போன மாசம் விடியக்காலைல எழுந்தேன். கண்ணு இருட்டிட்டு வந்துது. கட்டில் பக்கத்துலயே சரிஞ்சு உக்காந்துட்டேன். முழங்கைல லேசா சிராய்ப்பு, அவ்வளவுதான். உங்க அத்தைக்குக்கூட பாதிதான் தெரியும்."

"அப்புறம் எப்பவாவது அப்படி வந்துதா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. "விழல. ஆனா எழுந்தா ஒரு மாதிரி கிறுகிறுன்னு வருது."

வயதானவர் விழுவது என்றால் என்ன என்பதை அவருக்குச் சொல்லிப் பயமுறுத்தவில்லை. ஆனால் எனக்குத் தெரியும். உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டில் ஆண்டுக்கு 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். அதில் அதிகமானவர்கள் அறுபதைத் தாண்டியவர்கள். ஒருமுறை விழுந்தவர் மறுபடி விழும் வாய்ப்பு இரண்டு மடங்காகிறது என்றும், விழுந்தவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே அதை மருத்துவரிடம் சொல்கிறார்கள் என்றும் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. மருத்துவரிடமே சொல்லாதவர் மகளிடமா சொல்லப் போகிறார்? சொன்னால் தனியாக இருக்க விடமாட்டார்கள், மாடி ஏற விடமாட்டார்கள், வீட்டை விட்டுக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் அவருக்கு. அது வெறும் பிடிவாதம் என்று எனக்குத் தோன்றவில்லை. தன் வீட்டில் தன் இஷ்டப்படி நடமாடுவது என்பது அந்த வயதில் ஒருவரிடம் மிஞ்சியிருக்கும் பெரிய சொத்து.

அன்று இரவு முழுக்க நான் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். படுக்கையிலிருந்து குளியலறைக்குப் போகும் வழியில் ஒரு மிதியடி, ஓரம் சுருண்டு கிடந்தது. சுவிட்ச் கதவுக்கு அந்தப் பக்கம். அதாவது, விளக்கைப் போடவே இருட்டில் பாதி தூரம் நடக்க வேண்டும். அறுபது வயதுக்காரரின் விழித்திரையைச் சேரும் வெளிச்சம் இருபது வயதுக்காரருக்குச் சேர்வதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கண்மணி சுருங்கிவிடுகிறது, லென்ஸ் மஞ்சளடித்துவிடுகிறது. நமக்குப் போதுமான மங்கல் வெளிச்சம் அவர்களுக்கு இருட்டுதான். மிதியடியைச் சுருட்டி எடுத்து வைத்தேன். மறுநாளே தானாக எரிகிற சின்ன இரவு விளக்குகள் வாங்கி வழியில் மாட்டினேன். இதற்கெல்லாம் யாரிடமும் விவாதம் நடத்த வேண்டியதில்லை.

ஆனால் எழுந்தால் வரும் கிறுகிறுப்புக்கு மிதியடியா காரணம்? படுத்திருந்தவர் எழுந்து நின்றதும் ரத்தம் கால் பக்கம் இறங்கும். உடனே ரத்தக் குழாய்கள் இறுகி, இதயம் கொஞ்சம் வேகமாகத் துடித்து, மூளைக்குப் போகும் ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும். வயதானால் இந்தச் சரிக்கட்டல் மெதுவாகிவிடுகிறது. நின்ற மூன்று நிமிடத்துக்குள் ரத்த அழுத்தத்தின் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அதைக் கவனிக்க வேண்டிய கோளாறாக மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். தண்ணீர் குறைவாகக் குடிப்பது இதைக் கூட்டும். முதுமையில் தாகமே மழுங்கிவிடுவதால் பலர் போதுமான அளவு குடிப்பதும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மாத்திரைகள்.

காலையில் மாமியாரிடம் போனேன். மாத்திரை விஷயம் முழுக்க அவர் பொறுப்பு. அதில் அவருக்கு ஒரு பெருமையும் உண்டு. "அத்தை, மாமா சாப்பிடுற மாத்திரையெல்லாம் ஒரு தாள்ல எழுதி வச்சுக்கலாமா? அவசரத்துக்கு எங்ககிட்டயும் ஒண்ணு இருக்கட்டும்" என்றேன். அவர் மகிழ்ச்சியாகப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். காலை, மதியம், இரவு என்று எல்லாம் ஒழுங்காகப் பிரித்து வைத்திருந்தார். ஒன்றுகூடத் தவறவிட்டதில்லை. நான் ஒவ்வொரு அட்டையையும் திருப்பி, பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படித்துப் படித்து எழுதினேன். இரண்டு அட்டைகளில் ஒரே மருந்து. அம்லோடிபின். கம்பெனி வேறு, நிறம் வேறு, அட்டையின் அளவும் வேறு. ஒன்று வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் கொடுத்தது. இன்னொன்று சில மாதங்களுக்கு முன் வேறொரு மருத்துவமனையில் எழுதிக் கொடுத்தது. ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரிந்திருக்கவில்லை. சொன்னபடி இரண்டையும் நாள் தவறாமல் கொடுத்துக்கொண்டு வந்திருக்கிறார் அத்தை.

அம்லோடிபின் ரத்தக் குழாய்களைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து. அதன் தெரிந்த பக்க விளைவு கணுக்கால் வீக்கம். அளவு கூடினால் வீக்கமும் கூடும். மாமாவின் காலில் காலுறையின் அச்சு ஆழமாகப் பதிந்திருந்ததை முந்தின நாளே பார்த்திருந்தேன். வயதானவர்களின் உடம்பில் மருந்து வெளியேறவும் நேரம் பிடிக்கும், சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் பழைய வேகம் இருக்காது. ஐந்தும் அதற்கு மேலும் மருந்து சாப்பிடும் முதியவர்களுக்கு இந்த மாதிரிச் சிக்கல் எல்லா ஊரிலும் வருகிறது. முதியவர்களுக்குக் கொடுக்கும்போது யோசித்துக் கொடுக்க வேண்டிய மருந்துகளை மார்க் பீர்ஸ் என்ற மருத்துவர் 1991இல் பட்டியலிட்டார். அவர் பெயரிலேயே அந்தப் பட்டியலை இன்றும் புதுப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான மருந்துகளின் உலகத்தில் ஒரு மேசையும் ஒரு தாளும் பொறுமையான ஒரு மணி நேரமும் எவ்வளவு பெரிய வேலை செய்கின்றன என்பதை அன்று பார்த்தேன்.

நானாக எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. எந்த மாத்திரையையும் நாமாக நிறுத்தவோ பாதியாக உடைக்கவோ கூடாது. வழக்கமான மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்து, தாளில் இருந்ததை அப்படியே படித்தேன். அவர் ஒன்றை உடனே நிறுத்தச் சொன்னார். படுத்தபடியும் நின்றபடியும் அழுத்தத்தை அளந்து ஒரு வாரத்துக்கு எழுதி வைக்கச் சொன்னார். அதோடு நேரில் வரவும் சொன்னார். எழுந்திருக்கும்போது கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, காலை ஆட்டிவிட்டு, அப்புறம் நிற்க வேண்டும் என்றும் சொன்னார்.

அத்தையின் முகம் மாறிவிட்டது. "நானே இப்படிப் பண்ணிட்டேனே" என்றார். "நீங்க இவ்வளவு ஒழுங்கா பிரிச்சு வச்சதாலதான் கண்டுபிடிக்க முடிஞ்சுது அத்தை" என்றேன். சமாதானத்துக்காகச் சொன்னதில்லை அது. பெட்டி தாறுமாறாக இருந்திருந்தால் எனக்கு ஒன்றும் பிடிபட்டிருக்காது.

இனி அந்த ரகசியம். மாமா என்னை நம்பிச் சொன்னதை மனைவியிடம் போய் ஒப்பிப்பது அவரை விட்டுக்கொடுப்பது. மனைவியிடம் மறைப்பது அவளை விட்டுக்கொடுப்பது. இதில் எனக்கு ஒரு முடிவான கருத்து உண்டு. உடம்பு சம்பந்தப்பட்ட ரகசியத்தை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது, அதே சமயம் அதைச் சொல்லும் உரிமை அவருடையது. மதியம் அவரிடமே போனேன். "மாமா, இது அவளுக்குத் தெரியணும். நான் சொன்னா உங்க பேச்சு மாதிரி இருக்காது. நீங்களே சொல்லுங்க, நான் பக்கத்துல இருக்கேன்" என்றேன்.

"கத்துவாளே."

"முதல்ல கத்துவா. அப்புறம் கேப்பா. காரணமும் தெரிஞ்சுபோச்சு, மருத்துவரும் சொல்லிட்டாரு, இனி என்ன செய்யப் போறோம்னு சேர்த்தே சொல்லுங்க."

அவர் சொன்னார். அவள் கத்தவில்லை, அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டு பேரும் எங்களோட வந்துடுங்கப்பா" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் எதிர்பார்த்திருந்த வார்த்தைதான்.

ஒரு வார இறுதியின் பதற்றத்தில் முடிவு செய்யக்கூடிய விஷயமா இது? முதியவர் ஒருவர் தனியாகச் சமாளிக்கிறாரா என்று பார்க்க 1969இல் லாட்டனும் பிராடியும் வகுத்த ஓர் அளவை இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. தொலைபேசி, கடைக்குப் போவது, சமையல், வீட்டு வேலை, துணி துவைப்பது, வெளியே போய் வருவது, மருந்து, பணம் என்று எட்டு விஷயங்கள். அன்று சாயங்காலம் மனைவியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பேசினேன். கணக்கு வழக்கை மாமா இன்னும் தானே பார்க்கிறார். சமையலை அத்தை விரும்பிச் செய்கிறார். மருந்தில் உதவி தேவை, கடைக்கும் துணிக்கும் ஆள் வைத்தால் போதும். இப்படிப் பிரித்துப் பார்த்தபோது அவளுக்கு மூச்சு வந்தது. "அப்பாவால முடியாது" என்ற ஒற்றை வாக்கியம், முடிவது எது முடியாதது எது என்று இரண்டாகப் பிரிந்தது. மூன்று மீட்டர் தூரம் நடந்து திரும்பி உட்காரும் சின்னச் சோதனை ஒன்று உண்டு, 1991இல் வந்தது. நாற்காலியிலிருந்து எழுந்து, போய், திரும்பி வந்து உட்கார 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் அபாயம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். என் மகன் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டான். தாத்தா பேரனுக்காக உற்சாகமாக நடந்தார். கொஞ்சம் கூடத்தான் ஆனது. கால் தசைக்கான உடற்பயிற்சியைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்க வேண்டும் என்று தாளில் எழுதிக்கொண்டேன்.

இதற்கு நடுவே பிள்ளைகள் பழைய புகைப்படப் பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மாமனார் அதில் மூழ்கிப்போனார். அவர் சொன்ன கதைகள் எல்லாம் ஏறக்குறைய பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் நடுவில் நடந்தவை. மனித நினைவு அந்த வயதைத்தான் அதிகமாகச் சேமித்து வைக்கிறது. வயதானவர்கள் பழங்கதை பேசுவதை மூளைத் தளர்ச்சியின் அடையாளமாக ஒரு காலத்தில் பார்த்தார்கள். வாழ்ந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்துக் கணக்குத் தீர்ப்பது முதுமையின் இயல்பான வேலை என்று 1963இல் எழுதியவர் மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர். அதனால் சொன்ன கதையையே அவர் மறுபடி சொன்னபோது நான் பிள்ளைகளை இடைமறிக்க விடவில்லை. இரண்டாவது தடவை புதிதாக ஒரு ஆள் அந்தக் கதைக்குள் வந்தார், அவருடைய அண்ணன். அந்த அண்ணனைப் பற்றி என் மனைவியே கேள்விப்பட்டதில்லை.

கிளம்புவதற்கு முன்பு சில ஏற்பாடுகள் முடிந்தன. குளியலறையில் கைப்பிடி பொருத்த ஆள் சொல்லியாயிற்று. மருந்துத் தாளின் ஒரு பிரதி அத்தையிடம், ஒன்று எங்களிடம், ஒன்று மருத்துவருக்கு. புதிதாக யார் எந்த மருந்து எழுதினாலும் முதலில் அந்தத் தாளைக் காட்ட வேண்டும் என்று அத்தை அவரே சொன்னார். வாரத்தின் நடுவில் ஒருமுறை பேசுவது, அதுவும் அவர்களுக்கு வசதியான காலை நேரத்தில், முகம் தெரிய வீடியோவில் என்று முடிவானது. வாயசைவைப் பார்த்தால் மாமாவுக்குப் பேச்சு நன்றாகப் பிடிபடுகிறது என்பதை இப்போது எல்லோரும் அறிந்திருந்தார்கள்.

காது பரிசோதனை மட்டும் இழுபறியாக இருந்தது. மனைவி எவ்வளவோ சொல்லியும் அவர் பிடிகொடுக்கவில்லை. வண்டியில் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் வந்து நின்றார். "அடுத்த தடவை வரும்போது காதைக் காட்டிட்டு வந்துடலாம் மாப்பிள்ளை. அவ வேண்டாம், நீங்க கூட வாங்க" என்றார். அடுத்த மாதத்தின் முதல் சனிக்கிழமைக்குப் பரிசோதனைக்கு நேரம் வாங்கி வைத்திருக்கிறேன்.